ஏசி ஓடுது, ஆனா கூலிங் இல்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஏசி சர்வீஸ் வேலை செய்கிறேன். பங்குனி வெயில் ஏறியதும் ஆரம்பிக்கும் அழைப்புகள் கத்திரி முடிந்தும் ஓயாது. கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள் என்றாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே எழுதி, ஃபோனில் சொல்லும் பதிலைக் கொஞ்சம் விரிவாகத் தந்திருக்கிறேன். எல்லாமே வீட்டு ஸ்பிளிட் ஏசி பற்றியவை.

காத்து வருது, ஆனா சில்லுனு இல்லை. முதல்ல எதைப் பார்க்கணும்?

ரிமோட்டைப் பாருங்கள். பனித்துளி நட்சத்திரம் போல ஒரு குறி இருந்தால்தான் கூல் மோடு. நீர்த்துளிக் குறி இருந்தால் டிரை மோடு, காற்றாடிக் குறி இருந்தால் வெறும் ஃபேன். குழந்தை ரிமோட்டை எடுத்து விளையாடிய வீடுகளில் ஏசி நாள் முழுக்க ஃபேன் மோடில் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொன்று, 2020 ஜனவரி முதல் இந்தியாவில் ஸ்டார் லேபிளோடு வரும் ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. பழைய ஏசியை 18-ல் வைத்துப் பழகியவர்களுக்குப் புதியதில் குளிர் குறைவாகத் தெரிய இதுவும் ஒரு காரணம்.

கூல் மோடு, 20 டிகிரி, ஃபேன் வேகம் அதிகம். இப்படி வைத்துக் கதவு ஜன்னலை மூடிவிட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். அணைத்து உடனே போட்டால், வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டில் குளிரூட்டும் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் சுமார் 3 நிமிஷம் கழித்துத்தான் கிளம்பும். அதன் பாதுகாப்புக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த மூன்று நிமிஷத்துக்குள் "கூலிங் போச்சு" என்று முடிவு கட்டி மறுபடி மறுபடி அணைத்துப் போடாதீர்கள்.

கூலிங் குறைஞ்சிருக்கா, இல்ல வெயில்தான் ஜாஸ்தியா? எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஒரு சாதாரண தெர்மாமீட்டர் போதும். காய்ச்சல் பார்ப்பது வேண்டாம், அறை வெப்பம் காட்டும் வகை. முன் கேள்வியில் சொன்ன அமைப்பில் கால் மணி நேரம் ஓடியபிறகு, இன்டோர் யூனிட்டின் மேல்பக்கம் காற்று உள்ளே போகும் இடத்தில் ஒரு அளவு, கீழே காற்று வெளிவரும் வாயில் ஒரு அளவு எடுங்கள். இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் மெஷின் தன் வேலையைச் செய்கிறது. உங்கள் பிரச்சினை அறையில் இருக்கிறது. வித்தியாசம் 4, 5 டிகிரிதான் என்றால் மெஷினில் கோளாறு.

கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம் இருக்கும். ஏசியின் சக்தியில் ஒரு பங்கு அந்த ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியேற்றுவதிலேயே போய்விடும். மழை விட்ட மாலையில் வித்தியாசம் கொஞ்சம் குறைந்து காட்டினால் பயப்பட வேண்டாம். இன்வர்ட்டர் ஏசியில் அறை குளிர்ந்துவிட்டால் கம்ப்ரசர் வேகம் தானாகக் குறையும், அப்போதும் வித்தியாசம் குறைவாகத்தான் வரும். அதனால் அறை சூடாக இருக்கும்போதே அளந்துவிடுங்கள்.

ஃபில்டர் கழுவியாச்சு. போன மாசம்தான் சர்வீசும் பண்ணோம். இன்னும் ஏன்?

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவி நிழலில் காயவைத்துப் போட்டாலே பாதிப் புகார்கள் வராது. மெயின் ரோட்டுப் பக்கத்து வீடு, தினமும் சாம்பிராணி போடும் வீடு, சமையலறையை ஒட்டிய அறை என்றால் வாரம் ஒருமுறை.

ஆனால் ஃபில்டர் வாசல்தான். அதற்குப் பின்னால் காற்றைக் குளிர்விக்கும் காயில், அதற்கும் உள்ளே காற்றைத் தள்ளும் உருளை வடிவ புளோயர். அவசர சர்வீசில் காயிலின் முன்பக்கம் மட்டும் தண்ணீர் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். காற்று வெளிவரும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள், மெயின் அணைத்த பிறகு. புளோயரின் ஒவ்வொரு இறக்கையிலும் கறுப்பாகக் களிம்புபோல அழுக்கு அப்பியிருந்தால் அது காற்றைத் தள்ளாது, சும்மா சுற்றும். சத்தம் வரும், காற்று வராது. அடுத்த முறை சர்வீஸ் செய்யும்போது "புளோயரையும் கழுவுங்க, அவுட்டோர் காயிலையும் கழுவுங்க" என்று கேட்டு வாங்குங்கள்.

அவுட்டோர் யூனிட் ஓடுதா இல்லையான்னு எப்படிப் பார்க்கறது?

அருகில் போகமுடிந்தால் போய் நின்று கேளுங்கள். பால்கனிச் சுவரைத் தாண்டி எட்டிப் பார்ப்பது, ஜன்னல் சன்ஷேடில் இறங்குவது எதுவும் வேண்டாம். விழுந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஃபேன் சுற்றி, முகத்தில் அடிக்கும் காற்று நன்றாகச் சூடாக இருந்தால் உள்ளிருந்து வெப்பம் வெளியே போகிறது, நல்லது. ஃபேன் சுற்றுகிறது, காற்று வெளிக்காற்று போலவே இருக்கிறது என்றால் கம்ப்ரசர் ஓடவில்லை, அல்லது ஓடியும் உள்ளே கேஸ் இல்லை. கம்ப்ரசர் உறுமுகிறது, ஃபேன் நிற்கிறது என்றால் உடனே ஏசியை அணையுங்கள். ஃபேன் மோட்டாரோ, அது கிளம்பி ஓட உதவும் சின்னக் கெபாசிட்டரோ போயிருக்கும். அப்படியே ஓடவிட்டால் கம்ப்ரசர் சூடேறி நிற்கும், பிறகு அதற்கே ஆபத்து. எதுவுமே ஓடவில்லை என்றால் முதலில் எம்சிபி (கரண்ட் கூடினால் தானே விழும் சுவிட்ச்), பிளக் டாப், இணைப்பு ஒயர். ஏசி பிளக் டாப் உள்ளே கருகிப்போய், இன்டோர் மட்டும் ஓடும் அளவுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய. பிளக்கைத் தொட்டால் சுடுகிறதா, பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வருகிறதா என்று கவனியுங்கள். சுட்டால் எம்சிபியை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அவுட்டோர்ல "உம்ம்"னு சத்தம் வருது, கொஞ்ச நேரத்துல "டிக்"னு நின்னுடுது. கம்ப்ரசர் போயிடுச்சா அண்ணா?

பெரும்பாலும் இல்லை. கம்ப்ரசர் கிளம்ப முயல்கிறது, முடியவில்லை. இழுக்கும் கரண்ட் ஏறுகிறது, ஓவர்லோடு சுவிட்ச் சூடாகி "டிக்" என்று துண்டிக்கிறது. ஆறியதும் மறுபடி அதே கதை. இன்வர்ட்டர் அல்லாத ஏசியில் இப்படி நடந்தால் முதல் சந்தேகம் ரன் கெபாசிட்டர் மேல். 1.5 டன் மெஷினில் அது பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரோஃபாரட் வரை இருக்கும். நல்ல கெபாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். போனது பூரி மாதிரி உப்பியிருக்கும், சிலதில் எண்ணெய் கசிந்திருக்கும். பார்க்க நன்றாகவே இருந்து உள்ளே அளவு குறைந்ததும் உண்டு, அதனால் மீட்டரில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மாற்றும் செலவு சில நூறு ரூபாய்தான். ஆனாலும் யூடியூப் பார்த்து நீங்களே கழற்றாதீர்கள். மின்சாரத்தை அணைத்த பிறகும் கெபாசிட்டருக்குள் மின்னூட்டம் தங்கியிருக்கும், கையை வைத்தால் தூக்கிப்போடும். இன்வர்ட்டர் ஏசியில் கம்ப்ரசருக்கு இந்தக் கெபாசிட்டர் கிடையாது. அதை நேரடியாக பிசிபி (எலக்ட்ரானிக் போர்டு) ஓட்டுகிறது. "உங்க இன்வர்ட்டர் ஏசிக்குக் கம்ப்ரசர் ரன் கெபாசிட்டர் மாத்தினேன்" என்று யாராவது பில் போட்டால் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள்.

பகல்ல நல்லா இருக்கு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல கூலிங் வரமாட்டேங்குது.

தெருவில் எல்லா வீட்டு ஏசியும் ஒரே நேரத்தில் ஓடும் நேரம் அது. வோல்டேஜ் இறங்கும். 230 இருக்க வேண்டியது 180-க்குக் கீழே போனால் சாதாரண கம்ப்ரசர் கிளம்பத் திணறும், முன் கேள்வியில் சொன்ன "உம்ம், டிக்" அப்படியே நடக்கும். ஸ்டெபிலைசர் இருந்தால் அதன் டிஸ்ப்ளேயில் உள்ளே வரும் வோல்டேஜை இரவில் பாருங்கள். ஸ்டெபிலைசரே தாங்காமல் கட் ஆகிறதா என்றும் பாருங்கள். இன்வர்ட்டர் ஏசிகள் இன்னும் குறைந்த வோல்டேஜையும் தாங்கும், எதுவரை என்று அந்தந்த மாடலின் கையேட்டில் இருக்கும். தினமும் இதே நிலை என்றால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுப்பதுதான் வழி. கேஸ் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

உள்ளே ஐஸ் கட்டியிருக்கு. ஐஸே வருதுன்னா கூலிங் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

தலைகீழ். காயில்மேல் ஐஸ் படர்ந்தால் காற்று நுழைய வழியில்லை. அறை சூடாகும், பிறகு ஐஸ் உருகித் தண்ணீர் சுவரில் வழியும். முதலில் கூல் மோடை விட்டு ஃபேன் மோடில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஐஸை உருக்குங்கள். கத்தியால் சுரண்ட வேண்டாம், காயில் ஓட்டையாகிவிடும்.

காரணம் இரண்டில் ஒன்று. ஃபில்டர், காயில், புளோயர் அடைத்துக் காற்று குறைந்தது ஒன்று. கேஸ் குறைந்தது இன்னொன்று. வித்தியாசம் காண, அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் இரண்டு செப்புக் குழாய்கள் சேரும் இடத்தைப் பாருங்கள். மெல்லிய குழாயின் நட்டில் மட்டும் வெள்ளையாகப் பனி படிந்து, தடித்த குழாய் தொட்டால் குளிரே இல்லாமல் இருந்தால் கேஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம். தடித்த குழாய்வரை பனி ஏறி வந்திருந்தால் அழுக்கைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். நல்ல நிலையில் ஓடும் ஏசியில் தடித்த குழாய் சில்லென்று வியர்த்திருக்கும்.

மெக்கானிக் வந்ததும் "கேஸ் இல்லை சார்"னு சொல்லிட்டார். வருஷா வருஷம் கேஸ் போடணுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையும் எழுதத் தோன்றியது. வேண்டாம். ஏசிக்குள் இருக்கும் கேஸ் சமையல் சிலிண்டர்போல எரிந்து தீர்வதில்லை. அதே கேஸ் உள்ளே காயிலில் ஆவியாகி வெப்பத்தை இழுத்து, வெளியே போய் அதை விட்டுவிட்டுத் திரவமாகித் திரும்பி வருகிறது. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். லீக் இல்லாத ஏசி பத்து வருஷமானாலும் கம்பெனியில் போட்ட கேஸிலேயே ஓடும்.

அப்படியானால் குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் மேலே மேலே டாப்-அப் செய்வது உங்கள் காசை ஆகாயத்தில் விடுவது. காசு மட்டுமா, ஏசியில் போடும் ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32 எல்லாமே புவியைச் சூடாக்கும் வாயுக்கள். ஒரு கிலோ ஆர்-410ஏ வெளியேறினால் இரண்டாயிரம் கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறியதற்குச் சமம். ஃபில்டரைக் கழற்றாமல், அவுட்டோரைப் பார்க்காமல், வாசலில் நின்றபடியே "கேஸ்" என்று சொல்பவரிடம் "அழுத்தம் காட்டுற கேஜ் போட்டுக் காட்டுங்க, லீக் எங்கன்னு சொல்லுங்க" என்று கேட்பது உங்கள் உரிமை. நல்ல மெக்கானிக் அதற்குக் கோபப்பட மாட்டார்.

லீக் எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

கண்ணாலேயே பாதி பிடித்துவிடலாம். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்தே சுற்றுவதால், லீக் இருக்கும் இடத்தில் எண்ணெய் கசிந்து அதன்மேல் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். அதிகம் லீக் ஆவது குழாய்கள் சேரும் ஃப்ளேர் நட்டுகளில். அங்கே சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். நிற்கும் குமிழியைத் தேடாதீர்கள், மெதுவாக ஊதிப் பெருகும் குமிழியைத் தேடுங்கள்.

அங்கே இல்லையென்றால் நைட்ரஜன் அடைத்து அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். இதில் ஒன்று உயிர் விஷயம்: நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டுவதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். கம்ப்ரசர் எண்ணெயும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். காயிலிலேயே நுண்துளை என்றால், கடலோர வீடுகளில் உப்புக்காற்று அரித்ததாக இருக்கலாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடற்கரைப் பக்கம் அவுட்டோர் காயிலின் தகடுகள் விரலால் தொட்டாலே பொடியாக உதிர்வதைப் பார்க்கலாம். ஒரு துளை என்றால் செப்புக் காயிலை பற்றவைக்கலாம். பல இடத்தில் அரித்திருந்தால் காயிலையே மாற்றுவது நல்லது.

கேஸ் போடும்போது பக்கத்துல நின்னு நான் எதைக் கவனிக்கணும்?

வாக்கும் பம்ப் கொண்டு வந்திருக்கிறாரா என்று பாருங்கள். லீக் அடைத்த பிறகு குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து இருபது, முப்பது நிமிஷம் உறிஞ்ச வேண்டும். பம்பை நிறுத்திய பிறகு கேஜ் முள் ஏறாமல் நிற்க வேண்டும். பம்ப் இல்லாமல் கொஞ்சம் கேஸையே விட்டுக் காற்றைத் தள்ளிவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படிச் செய்தால் ஈரம் உள்ளேயே தங்கி, எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரசரை மெல்ல அரிக்கும்.

அப்புறம் தராசு. அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் நேம் பிளேட்டில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். சிலிண்டரைத் தராசில் வைத்து அந்த அளவு போட வேண்டும். வெறும் கேஜ் அழுத்தம் வெளி வெயிலுக்கும், இன்வர்ட்டரில் கம்ப்ரசர் வேகத்துக்கும் ஏற்ப மாறும். அதை மட்டும் நம்பிப் போட்டால் கூடவோ குறையவோ போகும். கேஸ் கூடினாலும் கூலிங் குறையும். ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் தன்மையுள்ளது, ஆகவே பக்கத்தில் விளக்கு, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது.

என்னோடது பழைய ஆர்-22 மெஷின். அதுல புது கேஸ் போட முடியுமா?

ஆர்-32, ஆர்-410ஏ போடக்கூடாது. இவற்றின் அழுத்தம் ஆர்-22-ஐவிட ஒன்றரை மடங்குக்கு மேல், எண்ணெய் வகையும் வேறு. ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987-ல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் படிப்படியாக நிறுத்தப்படுகிறது. இந்தியாவுக்கு அதன் கெடு 2030. சின்ன லீக் என்றால் அடைத்து ஆர்-22-வே போட்டு ஓட்டுங்கள். காயில் முழுக்க அரித்த பழைய மெஷின் என்றால் அதில் பெரிய செலவு செய்ய நான் சொல்ல மாட்டேன்.

வீடு மாத்தி ஏசியைக் கழட்டி மாட்டினதுல இருந்து கூலிங்கே இல்லை.

கழற்றும்போது கேஸை அவுட்டோருக்குள் இழுத்துப் பூட்டியிருக்க வேண்டும். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் பாதி அங்கேயே போயிருக்கும். மாட்டும்போது பழைய ஃப்ளேர் முனையையே மறுபடி இறுக்கினால் லீக் உறுதி, முனையை வெட்டிப் புதிதாக விரிக்க வேண்டும். குழாயை வளைக்கும்போது எங்காவது நசுங்கியிருக்கிறதா, அவுட்டோரில் இரண்டு வால்வையும் முழுக்கத் திறந்தார்களா என்றும் பாருங்கள். ஒரு வால்வு பாதி திறந்தபடி விட்டுப் போன வீடுகளும் உண்டு. புது வீட்டில் குழாய் நீளம் கூடியிருந்தால் அதற்கேற்பக் கேஸும் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

காலையில ஜில்லுனு இருக்கு, மதியம் ரெண்டு மணிக்கு ஏசி போட்டும் வேர்க்குது. மெஷின் நல்லாத்தான் இருக்குன்னு சொல்றாங்க.

தெர்மாமீட்டர் சோதனையில் வித்தியாசம் சரியாக வந்திருந்தால் அவர்கள் சொல்வது உண்மை. ஏசியின் சக்தியை வெளியே 35 டிகிரி என்று வைத்துத்தான் அளக்கிறார்கள். வேலூரிலும் திருத்தணியிலும் மே மாதத்தில் 40-ஐத் தாண்டும், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரோரம் இன்னும் அதிகம். அந்தச் சூட்டில் எந்த மெஷினும் எழுதிய அளவு குளிர்விக்காது.

அவுட்டோர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குறுகிய டக்ட்டுக்குள், மூன்று வீட்டு அவுட்டோர்கள் முகத்துக்கு முகம் பார்த்து வைத்திருந்தால், தான் விட்ட சூட்டைத் தானே இழுக்கும். முன்னால் துணி, அட்டைப்பெட்டி, செடித்தொட்டி இருந்தால் எடுத்துவிடுங்கள். மேலே ஒரு நிழல்தட்டு போடலாம், ஆனால் காற்று போகும் பக்கத்தை மூடக்கூடாது.

அடுத்தது டன். ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பிடியு, அதாவது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். 120 சதுர அடிக்கு 1 டன் என்ற கணக்கு நடுமாடிக்குப் பொருந்தும். மேல்மாடி, மேற்குச் சுவர், கண்ணாடி ஜன்னல் என்றால் அதே அறைக்கு 1.5 டன் வேண்டும். ஏசியை மாற்றுவதற்கு முன் மொட்டை மாடிக்கு வெள்ளைக் கூலிங் பெயின்ட் அடித்துப் பாருங்கள், மேற்கு ஜன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள். 16-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது சாதாரண ஏசியில் நடக்காது. கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான்.

இன்வர்ட்டர் ஏசி. டிஸ்ப்ளேல ஏதோ எரர் கோடு வருது, கூலிங் நின்னுடுச்சு.

ஒரே எரர் கோடு (கோளாறைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும்) ஒவ்வொரு கம்பெனியிலும் வேறு வேறு அர்த்தம் தரும், ஆகவே உங்கள் மாடல் கையேட்டைப் பாருங்கள். எம்சிபியை அணைத்துப் பத்து நிமிஷம் கழித்துப் போடுங்கள். மின்சாரம் ஏறி இறங்கியதால் வந்த கோடு என்றால் போய்விடும். மறுபடி வந்தால் கோட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கள், டிஸ்ப்ளே மாறிவிட்டால் மெக்கானிக்குக் கண்டுபிடிக்க நேரம் ஆகும்.

நம் ஊரில் அவுட்டோர் பிசிபி போவதற்கு ஒரு முக்கியமான காரணம் பல்லி. சூடான மூடிய பெட்டிக்குள் போய், இரண்டு முனைகளுக்கு நடுவில் உடம்பு பட்டுக் கருகிவிடும், போர்டும் சேர்ந்து போகும். எறும்பும் அப்படித்தான். ஒயர் நுழையும் துளையை அடைத்து வைத்தால் பெரிய செலவு மிச்சம். சில சமயம் கோளாறு சென்சாரில் மட்டும் இருக்கும். அது விலை குறைந்த சின்னப் பொருள், பிசிபி மாற்றச் சொல்வதற்கு முன் அதை அளந்தார்களா என்று கேளுங்கள்.

கம்ப்ரசர் போச்சுன்னு சொல்றாங்க. மாத்தலாமா, புதுசு வாங்கலாமா தம்பி?

முதலில் உண்மையிலேயே போனதா என்று உறுதிசெய்யுங்கள். வோல்டேஜ், கெபாசிட்டர், ஓவர்லோடு மூன்றையும் பார்த்த பிறகுதான் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். சாதாரண கம்ப்ரசருக்கு காமன், ரன், ஸ்டார்ட் என்று மூன்று முனைகள். மீட்டரில் ரன்னுக்கும் ஸ்டார்ட்டுக்கும் இடையே வரும் ஓம்ஸ், மற்ற இரண்டு ஜோடிகளின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். இன்வர்ட்டர் கம்ப்ரசரில் மூன்று ஜோடியும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டும். ஏதாவது ஒரு முனைக்கும் உடலுக்கும் இடையே தொடர்பு காட்டினால் ஷார்ட், அது போனதுதான். இந்த அளவுகளை உங்கள் முன்னாலேயே எடுக்கச் சொல்லுங்கள். ஓவர்லோடு சூடாகித் திறந்திருந்தாலும் மீட்டரில் தொடர்பு காட்டாது, அதனால் நன்றாக ஆறவிட்டு அளக்க வேண்டும்.

போனது உறுதி என்றால் வாரன்டி அட்டையை எடுங்கள். பல கம்பெனிகள் கம்ப்ரசருக்கு மட்டும் தனியாகப் பத்து வருஷம்வரை தருகின்றன. கேஸ், கூலி, போக்குவரத்து அதில் சேராமல் போகலாம், எழுதியிருப்பதைப் படியுங்கள். வாரன்டி இருந்து, காயில்கள் அரிக்காமல் இருந்தால் மாற்றுங்கள். வாரன்டி முடிந்து, காயிலும் அரித்து, பழைய கேஸ் ஓடும் மெஷின் என்றால் அந்தப் பணத்தைப் புதியதில் போடுங்கள். மாற்றுவதாக இருந்தால், கம்ப்ரசர் எரிந்தபோது குழாய்க்குள் போன கறுப்பு எண்ணெயை நைட்ரஜன் விட்டுச் சுத்தம் செய்து, ஈரத்தை உறிஞ்சும் புது டிரையரும் போடச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் மாட்டிய புதுக் கம்ப்ரசர் பழைய அழுக்கிலேயே மறுபடி போகும்.